உலக மதிப்பும் நாட்டின் தேவையும்

ஆண்டுதோறும் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் இருவகைப் பட்டியல்கள் வெளிவரக் காண்கின்றோம். ஒன்று, இன்ன மாவட்டத்திலிருந்து இன்ன துறைக்குச் சேர்வதற்கு இன்ன வெட்டுப்புள்ளி வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடுவது. மற்றையது, உலகப் பல்கலைக்கழகங்களுள் இன்னது இத்தனையாம் இடத்தில் உள்ளதென அயல்நாட்டு நிறுவனங்கள் சில வெளியிடுவது. முன்னையதைப் பெற்றோரும் மாணவரும் நெஞ்சிடிப்புடன் நோக்குவர். பின்னையதை அமைச்சர்களும் துணைவேந்தர்களும் அவ்வாறே நோக்குவர். இவ்விரண்டும் தம்முள் தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஆயின் சற்று நின்று சிந்திப்பார்க்கு இரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்பது புலனாகும். பல்கலைக்கழகம் தன்னைப் பேணி வளர்க்கும் நாட்டுக்கு உரியதா, எல்லை கடந்த அறிவுலகுக்கு உரியதா? நாட்டுக்கே உரியதென்றால் அயலாரின் மதிப்பு எதற்கு? அறிவுலகுக்கே உரியதென்றால், மன்னாரிலுள்ள கமக்காரனும் ஹற்றனிலுள்ள தோட்டத் தொழிலாளியும் சீனிக்கும் மாவுக்கும் இறுக்கும் வரியைக் கொண்டு அதனை நடத்துவது எதற்கு?

யூபிலி மலருக்குக் கல்வி தொடர்பான கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது இவ்வினாவையே எடுத்துக்கொண்டோம். நாம் பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெற்றவரல்லோம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தமிழ் கற்பிப்பவர். எனினும் மாணவரைப் பல்கலைக்கழகத்தின் வாயில்வரை கொண்டுபோய் விடும் தொழில் நம்முடையது. வாயிலில் நிற்பவர்க்கு உள்ளே நிகழ்வது முழுதும் தெரியாவிடினும், யார் உட்புகுகின்றார், யார் திரும்பிவருகின்றார் என்பதாவது தெரியும்.

இவ்வினா நமக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டது. அதிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் கரோல் விசுவநாதபிள்ளை அவர்களும் 1857ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் அளிக்கப்பட்ட கல்வி, கடலுக்கு அப்பாலுள்ள அளவுகோலால் அளக்கப்பட்டு, அங்குள்ளாரையும் விஞ்சி நின்றது. இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் தாமோதரம்பிள்ளை அவர்களை இன்று நாம் நினைப்பது பி.ஏ. பட்டத்துக்காகவன்று, ஏடுகளிற் கிடந்த கலித்தொகை முதலிய நூல்களைத் தேடிப் பரிசோதித்து அச்சேற்றியமைக்காகவே. அப்பட்டம் கேட்டிராத பணியை அவர் தாமே தேடி மேற்கொண்டார்.

அதன்பின் வந்தது இலண்டன் பல்கலைக்கழகத்தின் காலம். தன் கல்லூரிகளிற் கால் வையாதவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்ற விதியை அப்பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிற் செய்துகொண்டது. இதனால் குடியேற்ற நாடுகளிலிருந்த எத்தனையோ இளைஞர் மண்ணெண்ணெய் விளக்கின் கீழிருந்து கற்று வெளிவாரிப் பட்டதாரிகளாயினர். வினாத்தாள்கள் கப்பலில் வந்தன. விடைத்தாள்கள் கப்பலிற் போயின. திருத்துவோர்க்கு எழுதியவரின் ஊரும் குலமும் முகமும் தெரியா. சாதியாலும் செல்வத்தாலும் பிளவுபட்டிருந்த சமுதாயத்தில், முகம் பாராத பரீட்சகர் ஒருவர் இருந்தது சிறு நன்மையன்று. இலண்டன் பட்டத்தை எள்ளி நகையாடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். ஆயின் அதற்குச் செலுத்திய விலையும் உண்டு. எதைக் கற்கவேண்டும் என்பதை இலண்டனே தீர்மானித்தது. இந்நாட்டின் குளங்களையும் காய்ச்சலையும் கடற்றொழிலையும் ஆராய்ந்தறிதல் அப்பாடத்திட்டம் வகுத்தாரின் கவலையாக இருக்கவில்லை.

இக்குறையை நன்குணர்ந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1906ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் தலைமையை ஏற்று, இந்நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று அவர் வாதாடினார். அதன் பயனாக 1921இற் கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அதுவும் இலண்டன் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் கல்லூரியாகவே இருபத்தோராண்டுகள் இருந்தது. நடுவே பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் அமைப்பதா, மலைநாட்டில் அமைப்பதா என்னும் வாதம் பல்லாண்டு நடந்தது. ஒரு தலைமுறை மாணவர் கற்றுக் கிழவராகுமளவும் இடத்தைப் பற்றியே வாதிட்டவர்கள் நாமே அன்றி வேறெவரும் இரார்!

சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள் 1941இல் இக்கல்லூரிக்கு அதிபராக வந்தார். 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தாபிக்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தருமானார். அன்று அதில் இருந்த மாணவர் தொகை ஏறத்தாழ 900. ஜெனிங்ஸ் அவர்கள் கண்ட வழி நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையதாதலின் ஈண்டுச் சற்று விரித்துரைப்போம்.

பட்டம் வழங்கும் உரிமையை இலண்டனிடமிருந்து நம் நாடு பெற்றுக்கொண்டது. எனினும் அப்பட்டத்தை உலகு மதிக்குமா என்ற ஐயம் எல்லார்க்கும் இருந்தது. மதியாவிடின் நம் மருத்துவர் பிரித்தானியாவில் உயர்கல்வி பெற முடியாது. நம் பட்டதாரிகள் ஒக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ செல்ல முடியாது. ஆகவே வெளிப் பரீட்சகர் என்னும் முறை கையாளப்பட்டது. பாடத்திட்டம் வகுப்பதும் கற்பிப்பதும் இங்குள்ள பேராசிரியரின் உரிமை; வினாத்தாளையும் விடைத்தாளையும் பிறநாட்டுப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஒருவரும் நோக்கித் தரம் சரியா என்று சொல்லவேண்டும். எதைக் கேட்பது என்பது நம் கையில். விடை நன்றா என்பதற்கு அயலாரும் சான்று. உரிமையையும் மதிப்பையும் ஒன்றாகப் பிணைத்த இவ்வேற்பாடு எளியது, செலவும் குறைந்தது. இன்று உலகில் உலவும் தரவரிசை முறைகள் யாவற்றினும் இதனையே சிறந்ததாக நாம் மதிக்கின்றோம். அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

பேராதனையில் மகாவலிக் கரையில் எழுந்த வளாகத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி 1952இற் குடிபெயர்ந்தது. 1954 ஏப்பிரலில் எடின்பரோக் கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார். அக்கட்டடங்களைப் பார்த்தவர் அறிவர், அவை இந்நாட்டுச் சிற்ப மரபைத் தழுவியவை என்பதை. ஆயின் உள்ளே நடந்த கல்வி ஆங்கில நாட்டு வதிவிடப் பல்கலைக்கழகங்களின் சாயலிலேயே நடந்தது. அரசாங்கம் பல்கலைக்கழகத்தின் உள்விவகாரங்களில் தலையிடலாகாது என்பதில் ஜெனிங்ஸ் அவர்கள் மிகவும் உறுதியாக நின்றார். அதேவேளை டி. எஸ். சேனநாயக்க அவர்களுக்கு அரசியலமைப்பு வரைவதில் உறுதுணையாக இருந்தவரும் அவரே. அரசினரைத் தம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர், தம் புலமையை மட்டும் அரசினரின் வாயிலுக்குக் கொண்டுசென்றார். இதனை முரண்பாடென்பாரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. நாட்டுக்கு உதவுதல் வேறு, ஆட்சியிலிருப்போருக்குக் கீழ்ப்படிதல் வேறு.

அப்பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் அவர்களை நினையாது இக்கட்டுரையைத் தொடர மனம் இடந்தரவில்லை. காரைதீவிற் பிறந்த அப்பெரியார் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிற் றேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியுமானார். நான்கே ஆண்டுகளில் ஒருவர் இரு உலகங்களின் சான்றிதழையும் பெற்றார். இரண்டையும் பெற்றாருட் பலர் ஒன்றைச் சுவரில் மாட்டி மற்றொன்றைப் பெட்டியில் வைப்பர். சுவாமிகளோ இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வேலை செய்தார். 1947இல் வெளிவந்த யாழ்நூலில், வழக்கொழிந்த யாழின் நரம்புகளையும் பண்களையும் அவர் கணித முறையால் ஆராய்ந்து நிறுவியிருப்பதைக் கற்றோர் அறிவர். பௌதிகமும் கணிதமும் இலண்டன் வழியாக வந்தவை. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை வாழையடி வாழையாக வந்தது. அவ்வாராய்ச்சியை இலண்டனில் இருந்த எவரும் அவரிடம் கேட்கவில்லை. அவ்வாறே பண்டித பரீட்சை மட்டும் அதற்குப் போதுமானதாகவும் இருந்திராது. 1936இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நாள் வரும் என்பதையும், சொல் ஆயத்தமாகாவிடின் அந்நாள் வந்தும் பயனில்லை என்பதையும் அவர் முன்னறிந்திருந்தார்.

அந்நாளும் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து பெருந்தொகையான மாணவர் மேலேறி வந்தனர். அவர்கள் கற்றது தாய்மொழியில். 1956இற் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாக்கப்பட்டது. அதனால் தமிழ் மக்கள் அடைந்த இன்னலை நாம் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார என்னும் பிரிவேனாக்கள் இரண்டும் பல்கலைக்கழகங்களாக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டளவிற் பேராதனையிற் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் மாணவர் தொகை பன்மடங்காயிற்று.

இம்மாற்றத்தைக் குறித்து இருவேறு புலம்பல்களை நாம் கேட்டு வருகின்றோம். ஆங்கிலம் போயிற்று, தரமும் உடன்போயிற்று என்பர் ஒருசாரார். ஆங்கிலத்தில் இருந்தகாலத்தில் அது ஒரு சிறு கூட்டத்தின் சொத்தாக இருந்தது. அது போனதே நன்று என்பர் மற்றொருசாரார். இரண்டிலும் உண்மை உண்டாயினும் இரண்டும் நோயின் வேரைத் தொடவில்லை என்பது நம் துணிபு. கொள்கை மாறிய வேகத்தில் நூல்நிலையம் மாறவில்லை என்பதே வேர். நூல்நிலையத்து அடுக்குகளில் இருந்தவை ஆங்கில நூல்கள். அவற்றைப் படிக்க வல்லராகப் புதிய மாணவர் ஆயத்தஞ் செய்யப்படவில்லை. அவர்கள் படிக்கத்தக்க தமிழ் நூல்களும் எழுதப்படவில்லை. எஞ்சியது விரிவுரையாளர் சொல்லக் கேட்டெழுதிய குறிப்பு. அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகள் நல்ல முயற்சிகளே. ஆனால் சொற்றொகுதி நூலாகாது. செங்கல்லை இறக்கிவிட்டு வீடு கட்டியாயிற்றென்று கூறுதல் பொருந்துமா?

தமிழால் முடியாது என்பார்க்கு ஒன்று சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் அவர்கள் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களை மாணவரின் துணைகொண்டு தமிழில் ஆக்கி அச்சிட்டார். அங்கே நூலும் போதனையும் ஒருங்கே நடந்தன. 1960இல் நூலை விட்டுப் போதனையை மட்டும் நடத்தினோம். தமிழாசிரியராகிய நாம் தமிழ் மொழியில் உயர்கல்வி வேண்டும் என்னும் கட்சியினரே. ஆதலினாலேயே இதனை இத்துணைக் கசப்புடன் எழுதுகின்றோம்.

இதன் விளைவு நாட்டையும் தாக்கிற்று. கலைத்துறைப் பட்டதாரிகள் பெருகினர். அவர்களுக்கு வேலை இல்லை. 1971இல் நிகழ்ந்த இளைஞர் கிளர்ச்சியில் கற்று வேலையற்றிருந்தோர் பலர் ஈடுபட்டிருந்தமை யாவரும் அறிந்தது. அவ்வாண்டில் அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் குழு, டட்லி சியர்ஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையில் ஆராய்ந்து, இளைஞர் எதிர்பார்க்கும் தொழிலுக்கும் நாட்டில் உள்ள தொழிலுக்கும் பொருத்தமில்லை என்பதையே முதன்மையாக எடுத்துக்காட்டிற்று.

இனி, இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலரின் உள்ளத்தில் ஆறாத வடுவாக இருக்கும் ஒன்றைப் பேசவேண்டும். அதே 1971இற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர்க்கு ஒரு புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றியவர்க்கு வேறொரு புள்ளியும் வகுக்கப்பட்டன. 400 புள்ளிக்கு, பொறியியற் றுறையில் தமிழ் மாணவர்க்கு 250, சிங்கள மாணவர்க்கு 227. மருத்துவத்தில் முறையே 250, 229. பரீட்சகர் தமிழ் மாணவர்க்கு அளவிறந்த புள்ளி வழங்கினர் என்ற வதந்தியும் அப்போது உலாவிற்று, அது மெய்ப்பிக்கப்படவில்லை. 1973இல் தரப்படுத்தல் என்னும் பெயராலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு என்னும் பெயராலும் முறை மாற்றப்பட்டது. இன்று நடைமுறையிலிருப்பது, நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 இடம் கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதலாகப் பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்தும் இசட் புள்ளி முறையும் சேர்ந்துகொண்டது.

இவை யாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மூச்சிற் கண்டித்தல் நம்மவர் வழக்கம். நாம் இதில் வேறுபடுகின்றோம். மொழியைக் கொண்டு 23 புள்ளியைக் கூட்டிக் குறைத்தது அநீதி. அதற்கு நாட்டின் கொள்கை என்ற பெயர் பொருந்தாது. பெரும்பான்மையின் விருப்பம் வேறு, நாட்டின் தேவை வேறு என்பதற்கு அதுவே தக்க சான்று. அதனால் நாட்டை விட்டுச் சென்றவரும், வேறு வழிகளை நாடியவரும், அவ்வழிகளில் மாண்டவரும் நம்மிடையே உளர். ஆனால் மாவட்டம் நோக்கி இடம் ஒதுக்குதல் அதே வகையினதன்று. விஞ்ஞான ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் இல்லாத முல்லைத்தீவுப் பாடசாலையில் ஒரு மாணவன் பெறும் புள்ளியும், எல்லா வசதியும் தனிப்பட்ட வகுப்புக்களும் உள்ள நகரத்து மாணவன் பெறும் புள்ளியும் ஒரே எண்ணாயினும் ஒரே உழைப்பாகா. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய இடங்களிலிருந்து மருத்துவராக வருவோர் இவ்வொதுக்கீட்டின் வழியே வருகின்றனர், அவர்களும் தமிழரே. நமது கோபத்தை நாம் சற்றுப் பிரித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். இக்கருத்து ஆசிரியர் ஓய்வறையிற் பலமுறை கண்டிக்கப்பட்டதொன்று. இம்மலர் வெளிவந்தபின் மேலும் கண்டிக்கப்படும் என்பதை அறிந்தே எழுதுகின்றோம்.

சட்டங்களை விரைந்து கடந்து செல்வோம். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய உயர்கல்விச் சபை வந்தது. ஜெனிங்ஸ் காத்த தன்னாட்சி சுருங்கிற்று. 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1978இன் சட்டம் அவற்றை மீண்டும் பிரித்து மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வைத்தது. இவற்றிடையே 1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியிற் றிறக்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு இடந்தந்தது சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி. பல்கலைக்கழகம் வேண்டுமென்று வாதாடியவர் தம்பி. அதற்கு மனை சமைத்துவைத்தவர் தமையன். வளாகம் திறக்கப்பட்டபோது வரவேற்றாரும் இருந்தனர், எதிர்த்தாரும் இருந்தனர். இன்று எதிர்த்தாருடைய பேரப்பிள்ளைகளும் அங்கே கற்கின்றனர்.

இக்காலத்திற்கு வருவோம். 2003ஆம் ஆண்டிற் சீனாவிலுள்ள ஷங்ஹாய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகத்தார் உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசையொன்றை வெளியிட்டனர். அதன் நோக்கம் பிறரைப் புகழ்தலோ இகழ்தலோ அன்று. தம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உலகின் சிறந்தவற்றிலிருந்து எவ்வளவு தூரம் பின்னிற்கின்றன என்று அளந்தறிதலே. சீன அரசாங்கம் 1995இலும் 1998இலும் வகுத்த திட்டங்களின்படி தெரிந்தெடுத்த பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பொருள் வழங்கி வந்தது. பொருளின் பயனை அளக்க ஒரு கோல் வேண்டியிருந்தது. ஆகவே நாட்டுக் கொள்கையின் வயிற்றிற் பிறந்ததே இவ்வுலகத் தரவரிசை. அடுத்த ஆண்டே இலண்டனிலிருந்து வேறொரு பட்டியல் வந்தது. பின்னர் அது இரண்டாகப் பிரிந்தது.

ஷங்ஹாய்ப் பட்டியல் எதனை அளக்கின்றது? நோபல் பரிசும் கணிதத்துக்கான பீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற பழைய மாணவர்க்கு நூற்றுக்கு 10. அவற்றைப் பெற்ற ஆசிரியர்க்கு 20. பிறரால் மிகுதியும் எடுத்தாளப்படும் ஆய்வாளர்க்கு 20. நேச்சர், சயன்ஸ் என்னும் இரு சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளுக்கு 20. சுட்டிகளிற் பதிவான பிற கட்டுரைகளுக்கு 20. எஞ்சிய 10 ஆசிரியர் தொகைக்கேற்பப் பகிர்ந்து கணிப்பது. கற்பித்தல் என்ற சொல்லே இதில் இல்லை என்பதை ஆசிரியரென்ற முறையில் முதலிற் கவனித்தோம். பின்னர் வேறொன்றும் புலப்பட்டது. அச்சுட்டிகளில் தமிழிலோ சிங்களத்திலோ வெளிவரும் ஆய்விதழ்கள் இடம்பெறுவது அரிது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் கூத்து மரபை ஆராய்ந்து தமிழில் எழுதினால், இப்பட்டியலைப் பொறுத்தவரை அவர் ஒன்றும் எழுதாதவர். இன்னொரு பட்டியலில் அயல்நாட்டு மாணவரின் விகிதத்துக்கு 5, அயல்நாட்டு ஆசிரியரின் விகிதத்துக்கு 5 என வழங்கப்படுகின்றது. நம் நாட்டிலோ தகுதி பெற்ற பிள்ளைகளிற் பெரும்பாலார்க்கே இடமில்லை. உள்ள இடத்தையும் மாவட்ட வாரியாகப் பங்கிடுகின்றோம். மாவட்ட ஒதுக்கீடு என்பது அப்பட்டியலில் ஒரு புள்ளியும் தராது. நாம் நீதியெனக் கருதிச் செய்வது அங்கே கணக்கில் வாரா. அங்கே கணக்கில் வருவதை இங்கே செய்தால் அநீதி.

தரவரிசைக்கும் வெளிப் பரீட்சகர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே. வெளிப் பரீட்சகர் நாம் கேட்ட வினாவுக்கு நம் மாணவன் எழுதிய விடையை மதிப்பிட்டார். தரவரிசையோ வினாவையே மாற்றிவிடுகின்றது. இலண்டன் வெளிவாரிப் பரீட்சையிலிருந்து 1942இல் விடுபட்ட நாம், அதைவிட முகமறியாத வேறொரு வெளிவாரிப் பரீட்சைக்கு இப்பொழுது விண்ணப்பஞ் செய்துகொண்டிருக்கின்றோமோ என்று ஐயுறுகின்றோம்.

இவ்வையம் நமக்கு மட்டும் உரியதன்று. 2020இற் சீன அரசாங்கமே, சுட்டியிற் பதிவான கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பதவியும் பரிசும் வழங்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு தன் பல்கலைக்கழகங்களைப் பணித்தது. 2022இல் ரென்மின், நான்ஜிங், லான்ஜோ ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் சர்வதேசத் தரவரிசைகளிலிருந்து விலகிக்கொண்டன. அளவுகோலை ஆக்கிய நாட்டிலேயே அதனை வீசுவாரும் தோன்றினர். இந்தியாவின் தொழினுட்பக் கழகங்கள் ஏழு, கணிக்கும் முறை தெளிவாக இல்லையென்று கூறி 2020இல் ஒரு பட்டியலைப் புறக்கணித்தன. 2024இல் சுவிற்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகமும் அதே பட்டியலிலிருந்து விலகிற்று. வலியோர் விலகினால் அது கொள்கை எனப்படும். எளியோர் விலகினால் இயலாமை எனப்படும். ஆதலின் நம்மவர் விலகத் தயங்குதலைக் குறைகூற மாட்டோம். கொழும்பும் பேராதனையும் இப்பட்டியல்களில் இடம்பெறுவதால் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் நம் பட்டதாரிக்கு ஓரளவு நன்மை உண்டு என்பதும் மெய். இந்தியா 2016 முதல் தானே ஒரு தரவரிசை வெளியிட்டு, பெண்களும் வறியவரும் பிற மாநிலத்தவரும் எத்துணைப் பேர் கற்கின்றனர் என்பதற்கும் அதில் ஒரு பங்கு வைத்துள்ளது. அதிற் குறைகள் கூறப்படுகின்றன. எனினும், ஒதுக்கீட்டாற் சேர்ந்த பிள்ளை அங்கே ஒரு புள்ளியாகவாவது எண்ணப்படுகின்றது.

நாட்டின் தேவையும் உலகின் மதிப்பும் எப்பொழுதும் பகையாகவே நிற்குமோவெனில், இல்லை. வடமத்திய மாகாணத்து நெற்செய்கையாளரிடையே 1990களில் ஒருவகைச் சிறுநீரக நோய் பரவக் காணப்பட்டது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவரின் சிறுநீரகமும் மெல்ல மெல்லச் செயலற்றுப்போயிற்று. பேராதனை, ரஜரட்டை முதலிய பல்கலைக்கழகத்தார் ஊர் ஊராகச் சென்று நீரையும் மண்ணையும் குருதியையும் சோதித்தனர். அவர்கள் தரவரிசையை நினைந்து தொடங்கியவரல்லர். மருத்துவமனை வாங்குகளில் நோயாளர் நிறைந்திருந்தமையால் தொடங்கினர். நிக்கராகுவா, எல் சல்வடோர் ஆகிய நாடுகளிற் கரும்பு வெட்டும் தொழிலாளரிடமும் இத்தகைய நோய் காணப்பட்டமையால், அனுராதபுரத்து வயலிலிருந்து எழுந்த ஆய்வு இன்று உலக மருத்துவ இதழ்களில் விவாதிக்கப்படுகின்றது. நோயின் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

நம் குடாநாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆறில்லாத இம்மண்ணில் சுண்ணக்கல்லின் கீழுள்ள நன்னீரே உயிர். தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இட்ட பசளை கரைந்திறங்கி, நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்னும் உலகச் சுகாதார தாபனத்தின் வரம்பைக் கடந்த கிணறுகள் பல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். அவ்வெழுத்துக்கள் ஆங்கிலத்தில் உள்ளன. கிணற்றுக்குரியவர் படிப்பது தமிழில். ஆய்வாளருக்குப் பதவியுயர்வு தருவது ஆங்கிலக் கட்டுரை. அதனைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதி இணுவிலிலும் சுன்னாகத்திலும் கமக்காரர்க்குக் கொடுத்தால் அதற்கு யார் புள்ளி வழங்குவார்? அப்பணிக்கும் புள்ளி வழங்கும் விதியொன்றைப் பல்கலைக்கழகங்கள் தாமே செய்துகொள்ளலாம். அதற்கு அமைச்சரின் அனுமதியோ அயல்நாட்டாரின் அனுமதியோ வேண்டியதில்லை.

தமிழியலிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பேராதனையிற் கற்ற கலாநிதி க. கைலாசபதி அவர்கள் பேர்மிங்ஹாமில், கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ்ச் சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின்னும் அவர் நூல் நூலாகத் தமிழில் எழுதினார்; யாழ்ப்பாண வளாகத்தின் முதற் றலைவராகவும் பொறுப்பேற்றார். அவர் முடிபுகளை மறுப்போர் பலர்; நாமும் சிலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. ஆயினும் தமிழர் தமக்கே உரிய பொருளை உலகின் முன் வைப்பதற்கு அதனைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அவர் காட்டினார்.

எம்மிடம் உயர்தர வகுப்புவரை தமிழிற் கற்ற மாணவன் ஒருவன் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திற் சேர்ந்து, முதல் விடுமுறையில் நம்மைக் காண வந்தான். பாடம் கடினமா என்று வினவினோம். பாடம் தெரிந்ததுதான், ஐயா. அதன் பெயர்தான் தெரியவில்லை என்றான். வகையீடும் தொகையீடும் விசையும் முறுக்கமும் தமிழில் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கில விரிவுரையில் அவையே முன்பின் அறியாத அந்நியர் போல வந்து நின்றன. விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுதலை உலகத்தோடு ஒட்டி வாழ்தற்பொருட்டு நாம் ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால் பதின்மூன்று ஆண்டு தமிழிற் கற்றவனை ஒரே நாளில் ஆங்கில மண்டபத்தில் இறக்கிவிடுதலுக்கு எந்தக் கொள்கையும் காரணமாகாது. அது வெறும் அசட்டையே. மாவட்ட ஒதுக்கீட்டால் வந்த பிள்ளைகள் முதலாண்டிற் றடுமாறுவதைக் காட்டி ஒதுக்கீடே பிழையென்பார், அவர்கள் தடுமாறுவது கணிதத்திலா மொழியிலா என்று ஒருமுறை விசாரித்தல் நன்று.

அம்மாணவனுக்கென நாமும் நம் கணித ஆசிரியரும் சேர்ந்து இருமொழிச் சொற்பட்டியல் ஒன்று எழுதத் தொடங்கினோம். இதுவரை நானூறு சொற்கள் வரை சேர்ந்துள்ளன. பௌதிகமும் இரசாயனமும் இனித் தொடங்கவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கும் நம் பழைய மாணவர் இருப்பின், தத்தம் துறைச் சொற்களைப் பார்த்துத் திருத்தித் தருமாறு இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றோம். படிகள் கல்லூரி நூல்நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளன.